பிள்ளையின் கையில் மருவா? சுட வேண்டாம், அறுக்க வேண்டாம்!



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு, "பிள்ளைக்குக் கையில மரு வந்திருக்கு, என்ன பண்ணியும் போக மாட்டேங்குது" என்று தாய்மார்கள் எங்களிடம் கேட்பதுண்டு. இதைச் சிலர் மரு என்கிறோம், சிலர் பாலுண்ணி என்கிறோம். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத சின்ன விஷயம்தான். ஆனால் இதைப் போக்க அவசரப்பட்டு நாம் செய்கிற வைத்தியம்தான் பிள்ளையின் கையைப் புண்ணாக்கி விடுகிறது. ஆகவே இந்த இதழில் மருவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மரு ஏன் வருகிறது?

மரு என்பது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. ஹெச்.பி.வி. என்று அதற்குப் பெயர். தோலில் உள்ள சின்னக் கீறல், வெடிப்பு வழியாக உள்ளே போய், மேல்தோலைத் தடிக்க வைக்கிறது. நகம் கடிக்கிற பிள்ளைக்கு நகத்தைச் சுற்றி வரும். வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைக்கு உள்ளங்காலில் வரும். சூட்டினால் வந்தது, தோஷத்தால் வந்தது, சுத்தமில்லாத பிள்ளை என்றெல்லாம் சொல்வது தவறு. சுத்தமாக வளர்க்கிற பிள்ளைக்கும் வரும்.

ஹெச்.பி.வி. என்றதும் சில சகோதரிகள், "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே பேரைத்தானே சொன்னாங்க?" என்று பயப்படலாம். இந்தக் கிருமியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் சாதாரண மருவை உண்டாக்குவது வேறு வகை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது வேறு வகை. பிள்ளையின் கையில் உள்ள சாதாரண மரு புற்றுநோயாக மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

தானாகவே போகுமா?

போகும். இதுதான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. நெதர்லாந்து நாட்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கு மரு இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரு மறைந்திருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். கண்டுகொண்டால் மரு தானாக உதிர்ந்து விடும், தழும்பும் இருக்காது.

வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போய் உப்பும் மிளகும் போடுவது, புன்னைநல்லூர் மாரியம்மன் கோவிலில் வெல்லம் போடுவது என்று நம் பக்கத்தில் வேண்டுதல் உண்டு. வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. அதனால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து மருவின் மேல் வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது, பிளேடால் அறுப்பது, முடியால் இறுக்கிக் கட்டுவது, எருக்கம்பால் தடவுவது, கழிவறை ஆசிட் வைப்பது - இவை எதுவும் வேண்டாம். முந்திரிக் கொட்டை எண்ணெயும் கூடவே கூடாது. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்த எண்ணெய் பட்டால் கைத்தோல் எப்படி வெந்து போகும் என்று. பெரியவர்களின் காய்த்துப்போன கையே தாங்காததைப் பிள்ளையின் தோல் எப்படித் தாங்கும்? எருக்கம்பால் கைபட்டுக் கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து.

சுட்டாலும் அறுத்தாலும் கிருமி முழுவதும் போகாது. ரத்தம் கசிந்து பக்கத்துத் தோலிலும் பரவலாம். புண் சீழ் பிடித்தால் ஆஸ்பத்திரி, ஊசி, பஸ் செலவு, போகிற நாளெல்லாம் கூலியும் போச்சு. மருவுக்கு ஆகாத செலவு புண்ணுக்கு ஆகும். அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்க வேண்டிய நிலை நம் உறுப்பினர் யாருக்கும் வரக் கூடாது. தழும்பு வேறு வாழ்நாள் முழுக்க நிற்கும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

முதலில் அது மருதானா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். முத்து மாதிரி வழுவழுப்பாக, நடுவில் சின்னக் குழியோடு இருந்தால் அது வேறு கிருமியால் வருவது. அதுவும் பெரும்பாலும் தானாகவே போகும், அதற்கு இந்த மருந்து போடக் கூடாது. உள்ளங்காலில் இருந்தால் கால் ஆணியா மருவா என்று சந்தேகம் வரும். மரு என்றால் பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும், கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

வலியோ தொந்தரவோ இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். போக்க வேண்டும் என்றால், சாலிசிலிக் அமிலம் கலந்த மரு மருந்து மருந்துக்கடையில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். போடுகிற முறை இதுதான்:

1. தினமும் ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் அந்த இடத்தை ஊற வையுங்கள்.
2. ஊறிய மேல்தோலை உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். ரத்தம் வரக் கூடாது. அந்தத் தாளை மறுபடி வேறு இடத்தில், வேறு ஆளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.
3. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள்.
4. மருவின் மேல் மட்டும் ஒரு துளி மருந்து வைத்துக் காய விடுங்கள்.

தோல் சிவந்து எரிந்தால் சில நாள் நிறுத்தி, ஆறிய பிறகு தொடருங்கள். இப்படி 12 வாரம் வரை விடாமல் செய்ய வேண்டும். "நாலு நாள் போட்டேன், கேக்கல" என்று பலர் விட்டுவிடுகிறோம். குழுவில் வாராவாரம் போடுகிற சிறு சேமிப்பு மாதிரிதான் இதுவும், விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முகத்திலும், மறைவிடத்திலும், புண்ணிலும் இந்த மருந்தைப் போடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

டாக்டரிடம் எப்போது?

முகம், கண் இமை, நகத்தடி, மறைவிடம் ஆகிய இடங்களில் இருந்தால், வேகமாகப் பெருகினால், ரத்தம், சீழ் வந்தால், நடக்க முடியாமல் வலித்தால், 12 வாரம் மருந்து போட்டும் கேட்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

டாக்டர்கள் மருவைத் திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்பார்கள், அல்லது மரத்துப்போக ஊசி போட்டு மின்சாரக் கருவியால் கரிப்பார்கள். உறைய வைப்பது வலிக்கும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எனப் பல தடவை போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் சிலருக்குத் திரும்ப வரலாம். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால், கவனிக்காமல் அனுப்புகிறார் என்று நினைக்காதீர்கள்.

பிள்ளையின் மறைவிடத்தில் மரு இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், மிரட்டிக் கேள்வி கேட்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். தொட்டுப் பழகுவதால் சாதாரணமாகவும் வரலாம், யாராவது தவறாக நடந்ததாலும் வரலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

பிள்ளையின் மனசையும் பாருங்கள்

மரு வந்த பிள்ளை கையைத் தாவணிக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்துக்கொள்கிறது. "அவகூட உக்காராதே, ஒட்டிக்கும்" என்று மற்ற பிள்ளைகள் சொல்லும்போது பள்ளிக்கூடம் போகவே தயங்குகிறது. மரு தொற்றும் என்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் உட்காருவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒதுக்கி வைக்கிற அளவுக்கு எதுவும் ஆகிவிடாது. மருவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புங்கள், தனித் துண்டு கொடுங்கள், காலுக்குச் செருப்புப் போடச் சொல்லுங்கள், நகம் கடிப்பதையும் மருவைக் கிள்ளுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். பள்ளியை நிறுத்தத் தேவையில்லை.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும், வீட்டில் வைத்தியம் பார்க்கிற பாட்டிமார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். சுண்ணாம்பு டப்பாவை எடுக்கிற கையை ஒரு தாய் நிறுத்தினாலும், ஒரு பிள்ளையின் கை தழும்பில்லாமல் தப்பிக்கும்.