றோலண்ட் சில்வாவும் பழைய கட்டிடங்களைப் பேணுதலும்



பழைய கட்டிடமொன்றைப் புதிதுபோல் ஆக்குவதே பாதுகாப்பு என்று உங்களிற் பலர் எழுதுகிறீர்கள். நமது வகுப்பு மாதிரிப் பரீட்சைகளில் புள்ளி குறைவது இங்கேதான். எனவே இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

அவர் யார்?
றோலண்ட் சில்வா (1933 - 2020) இலங்கைக் கட்டிடக் கலைஞர். 1980 இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் ஆரம்பமான கலாசார முக்கோணத் திட்டத்தை நடத்திய மத்திய கலாசார நிதியத்தின் முதற் பணிப்பாளர் நாயகம். 1983 முதல் 1990 வரை தொல்பொருள் ஆணையாளர். அநுராதபுரம், பொலனறுவை, கண்டி ஆகியனவே முக்கோணத்தின் மூன்று முனைகள்.

இத்தாலியத் தொடர்பு
1945 இல் வெரோனா நகரின் பழைய கற்பாலத்தைப் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் தகர்த்தனர். பியேரோ கட்சோலா என்னும் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ஆற்றில் விழுந்த கற்களை எடுப்பித்து, அவற்றைக் கொண்டே பாலத்தை மீளமைத்தார். அப்பணி 1959 இல் முடிந்தது. 1964 இன் வெனிஸ் சாசனத்தை உருவாக்கியோரில் இவர் முக்கியமானவர். நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேசப் பேரவையான இக்கொமொஸின் முதற் தலைவரும் இவரே. அதே பதவியை றோலண்ட் சில்வா 1990 முதல் 1999 வரை வகித்தார்.

சாசனத்தின் முக்கிய கருத்துகள்
1. பழைய மூலப்பொருளை இயன்றவரை காக்க வேண்டும்.
2. ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும்.
3. புதிதாகச் சேர்த்த பகுதியைப் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாயிருக்க வேண்டும்.

உதாரணம்
மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவன தாதுகோபம் ஆதியில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரமானது. இன்று ஏறத்தாழ 71 மீற்றர். கலாசார முக்கோணத் திட்டத்தில் அதனைப் பழைய உயரத்துக்குக் கட்டவில்லை, வெள்ளை பூசவுமில்லை. செங்கல் தெரியவே உறுதிப்படுத்தினர். ஆனால் ருவன்வெலிசாயவைப் பக்தர்கள் முழுமையாக்கி வெண்மையாக்கினர். முன்னது சான்றைக் காத்தது. பின்னது வழிபாட்டைக் காத்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. விடையில் இரண்டையும் எழுதுங்கள்.

நினைவிற் கொள்க: இடிந்ததைத் திரும்பக் கட்டலாம். அழிந்த சான்றைத் திரும்பப் பெற முடியாது. சுற்றுலாவில் சுவரிற் பெயர் கீறும் மாணவனும் சான்றையே அழிக்கிறான்.

பயிற்சி வினா
ஹெவ்லொக் டவுனிலிருந்து பஸ்ஸிற் கோட்டைக்குப் போனால் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையைப் பார்க்கலாம். அது 2011 இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. பழைய கட்டிடத்துக்குப் புதிய பயன் கொடுப்பதன் நன்மை இரண்டும் ஆபத்து ஒன்றும் தருக. (விடைக்குறிப்பு: பயன்படும் கட்டிடம் கவனிக்கப்படும், மக்கள் வரலாற்றை அறிவர், தேவைக்காகச் சுவர்கள் மாற்றப்படலாம்.)