கேட்ட கதையையே குழந்தை மீண்டும் கேட்பது ஏன்?

பண்டத்தரிப்பிலே, நீரிறைக்கும் யந்திரங்களின் காலத்திற் பிறந்த மூன்று வயதுக் குழந்தையொன்று, சித்திரக்கதைப் புத்தகத்தில் கிணற்றையும் வாளியையும் கயிற்றையும் இனங்கண்டு, பெயரறியாத அந்த நெடுமரத்தில் விரல் வைக்கும் தருணத்தில், அம்மம்மா "துலா" என்பாராயின், தெரிந்தவற்றை விலக்கித் தெரியாததற்கே அப்புதுச்சொல்லைச் சூட்டிக்கொள்கிறது. ஆயினும் இவ்விரைவான பிணைப்பு ஞாபகத்தில் எளிதில் நிலைப்பதில்லை. 2011இல் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்விலே, புதுச்சொற்கள் சம அளவில் ஒலித்திருந்தும், வெவ்வேறு கதைகள் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதினரே அவற்றை நன்கு நினைவிற்கொண்டனர். அடுத்து நிகழ்வது யாதென்னும் பிரயாசை நீங்கவே, கவனம் சொல்லின்மேற் செல்கிறது போலும், சலிப்பெல்லாம் பெரியவர்களுக்குத்தான்! இடையிலே, "இதுக்கு என்ன பேர்?" என்று வினவி, அச்சொல்லைக் குழந்தையின் வாயாலேயே வருவித்தால், தேடியெடுக்கும் அம்முயற்சியால் ஞாபகம் மேலும் உறுதிபெறும்.