பெட்டியடிப் பையனும் பதினைந்து வயது சி.இ.ஓ.வும்

பிள்ளைகளுக்கு மீசை அரும்பும் முன்பே வியாபாரம் சொல்லிக்கொடுப்பது காரைக்குடிப் பக்கத்துக்குப் புதிதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். சென்னையில் ஏறினால் ரங்கூன். கையெழுத்து திருந்தியிருக்கிறதா, எண்சுவடி தலைகீழாக வருகிறதா என்று பார்ப்பார்கள். போக விருப்பமா என்று பையனைக் கேட்கும் வழக்கம் கிடையாது.

போய்ச் சேரும் இடம் கிட்டங்கி. ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு என்று செட்டியார் கடைகள் மொய்த்துக் கிடந்த தெருக்களில் இருந்த நீளமான கூடங்கள் அவை. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒரு கடை என்பது ஓர் அலமாரி, ஒரு பாய், தரையில் உட்கார்ந்து எழுத ஒரு கைப்பெட்டி, அவ்வளவுதான். பகலில் கடை, ராத்திரி அதுவே படுக்கை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தோடு கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தபடி அடுத்தாள். எல்லோருக்கும் கடைசியில் பெட்டியடிப் பையன்.

இந்தப் பையனுடைய ஒரு நாளைப் பாருங்கள். கடையைப் பெருக்க வேண்டும், தபால் சேர்க்க வேண்டும், உண்டியல் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி வர வேண்டும், ஊருக்குப் போகும் கடிதங்களுக்கு நகல் எடுக்க வேண்டும். சாயங்காலம் பேரேட்டைக் கூட்ட வேண்டும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு என்று திண்ணைப் பள்ளியில் கத்திக் கத்திப் படித்ததெல்லாம் இங்கேதான் பிழைப்புக்கு உதவியது. 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் இரண்டணா வட்டி என்றால் 740 ரூபாய்க்கு 47 நாளைக்கு எவ்வளவு என்பதை மனசுக்குள் போட்டுச் சொல்ல வேண்டும். காலணா உதைத்தாலும் எது உதைக்கிறது என்று தெரியும்வரை கணக்கை மூட முடியாது.

ஆனால் அவன் படித்த பெரிய பாடம் கணக்கு இல்லை என்பேன். கடன் கேட்டு ஒருவர் வருவார். மேலாள் மழையைப் பற்றிக் கேட்பார், மகள் கல்யாணம் பற்றிக் கேட்பார், போன வருஷம் நெல் என்ன விலைக்குப் போனது என்று கேட்பார். வந்தவர் போன பிறகு, 'கொடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. ஏன் என்று விளக்க மாட்டார். இப்படி மூன்று வருஷம், 'கணக்கு' என்று அவர்கள் சொன்ன ஒரு தவணை முடிகிற வரை, பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊருக்கு வந்து திரும்பிப் போகும்போது அடுத்தாள் ஆகலாம். பிறகு ஒரு நாள், கடல் தாண்டி இருக்கும் முதலாளியின் பணத்துக்கு, கடிதப் போக்குவரத்தை மட்டும் நம்பி, தானே பொறுப்பேற்கலாம். லீடர்ஷிப் என்று இன்று சொல்வதை அன்று யாரும் தனிப் பாடமாக நடத்தவில்லை.

அதே காரைக்குடியில் ஒரு மே மாதம், மாணவர்களுக்கான வணிகத் தலைமைப்பண்பு முகாமில் போய் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. ஹால், ஆறாறு பேராக அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சி.இ.ஓ., ஒரு சி.எஃப்.ஓ. பயிற்சியாளர்களைப் பிள்ளைகள் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'சார்' என்பதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள். கிட்டங்கியில் இதற்கு வழியே இல்லை. செட்டியார் வீட்டு ஆச்சிமார் ஊரில் இருந்தபடியே வரவு செலவு பார்த்தார்கள், சொந்தப் பணத்தை வட்டிக்கும் விட்டார்கள். ஆனாலும் கப்பலேறியது ஆண் பிள்ளைகள், பெரும்பாலும் சொந்தச் சாதிப் பிள்ளைகள். தெரிந்த குடும்பம் என்பதுதான் அன்றைக்கு ஜாமீன். மற்றவர்களுக்குக் கதவு அநேகமாகச் சாத்தியே கிடந்தது.

காலையில் ஒரு விளையாட்டு. இருபது ஸ்பகெட்டிக் குச்சி, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிஷத்தில் கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோவை நிறுத்த வேண்டும். உலகம் முழுக்க நடக்கும் பயிற்சிதான். எம்.பி.ஏ. மாணவர்களைவிட கிண்டர்கார்டன் குழந்தைகள் இதில் நன்றாகச் செய்கிறார்கள் என்று டாம் வூஜெக் 2010இல் ஒரு டெட் உரையில் சொன்னது பிரபலம். பெரியவர்கள் திட்டம் போட்டே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். குழந்தைகள் கட்டி, விழுந்து, மறுபடி கட்டுகிறார்கள். அன்றைக்கும் நாலு கோபுரம் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். விழுந்ததற்குக் கைதட்டு வாங்குவதைப் பெட்டியடிப் பையன் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

மதியம் 'பிட்ச்' பயிற்சி. மூன்று நிமிஷத்தில் யோசனையை விற்க வேண்டும். டி.வி.யில் ஷார்க் டேங்க் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கை வீச்சு, நிறுத்தம், புன்னகை எல்லாம் கச்சிதம். செலவு எவ்வளவு என்று கேட்டால்தான் சி.இ.ஓ. திரும்பி சி.எஃப்.ஓ.வைப் பார்க்கிறார், சி.எஃப்.ஓ. செல்போனைப் பார்க்கிறார்.

சாயங்காலம் வாசலில் சந்தை. அணிக்கொரு கடை. கண்டாங்கி வெட்டுத்துணியில் பை தைத்து விற்ற அணியிடம் ஒரு பெரியவர் மூன்று பை எடுத்தார். 120 ரூபாய். ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தது. "சிக்னல் இல்லம்மா, வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடறேன்" என்று பைகளோடு நடந்தார். முகாம் விதிப்படி கடன் கூடாது. ஆனால் அந்த அணியின் சி.இ.ஓ., பத்தாம் வகுப்புப் பெண், அவர் பெயரையும் தெருவையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். பயிற்சியாளர் வந்து, "அதைக் கணக்கில் சேர்க்காதேம்மா, கையில் வந்ததை மட்டும் காட்டு" என்றார். "வரவேண்டியதுன்னு போடுறேண்ணா" என்றாள் அவள்.

என் குறை இந்த இடத்தில்தான். முகாமில் யோசனை, சந்தை, பேச்சு, குழு எல்லாம் இருக்கிறது. யாரை நம்பிச் சரக்கைக் கொடுப்பது என்ற ஒன்று மட்டும் இல்லை. கடனில் ஓடும் நம் கடைத்தெருவுக்கு அதுதான் முதல் பாடம். கிட்டங்கி ஏறக்குறைய அதை மட்டுமே கற்றுக்கொடுத்தது.

அதற்காகக் கிட்டங்கியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. 1930ஐ ஒட்டி பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, 75 கோடி ரூபாய் மூலதனம் புழங்கியது என்கிறது அன்றைய வங்கி விசாரணைக் குழு. ரங்கூனில் தமிழ் மாதம் 16ஆம் தேதி இரவு கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள், அவ்வளவு ஒழுங்கு. அந்த ஆண்டே நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதமானது. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்து சேர்ந்தது வயல். கூடவே நிலம் இழந்தவர்களின் கோபமும். பிறகு யுத்தம், சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் என்று போட்டதெல்லாம் போனது. கடன்காரனின் முகத்தை அவ்வளவு நுட்பமாகப் படித்தவர்கள், நாட்டின் முகத்தைப் படிக்கவில்லை. தப்பான யோசனை என்றால் கலைத்துவிட்டு வேறு கட்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் பரிசு வேறு அணிக்குப் போனது. பை வாங்கிய பெரியவரிடமிருந்து 120இல் 80 ரூபாய் ராத்திரியே வந்துவிட்டதாம், ஒரு பையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று செய்தியும் வந்ததாம். திரும்பி வரும் பையை மறுபடி விற்பதா, ஆளுக்கு ஏழு ரூபாய் குறைத்துக்கொள்வதா என்று அணிக்குள் சண்டை. பயிற்சியாளர் சமாதானம் செய்யக் கிளம்பினார். "கொஞ்ச நேரம் விடுங்க தம்பி" என்றேன்.