ஸ்விட்ச் போட்டதும் வேலை கேட்ட கணினிகள்: உங்கள் போனுக்கும் அதற்கும் என்ன உறவு?

உங்கள் போனில் எடுக்கும் ஒரு சாதாரண புகைப்படம் சுமார் 3 எம்பி இருக்கும். 1982-ல் பிரிட்டன் வீடுகளுக்குள் நுழைந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் நினைவகமோ வெறும் 48 கேபி. அந்த ஒரே ஒரு போட்டோவை வைக்க 64 ஸ்பெக்ட்ரம் கணினிகள் வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள போன் என்றால், சுமார் ஒன்றே முக்கால் லட்சம் மடங்கு!

கணக்கைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால், அந்தக் கணினிகளிடம் இருந்த ஒரு பழக்கம் இன்றைய போன்களிடம் இல்லை. அது காணாமல் போனதால் என்ன ஆச்சு, அதைத் திரும்பக் கொண்டுவர ஏன் சிலர் மெனக்கெட்டார்கள்? பார்ப்போம்.

வீட்டுக்குள் கணினி வந்தது எப்படி?

1970-களின் நடுப்பகுதி வரை கணினி என்றால் பல்கலைக்கழகம், வங்கி, ராணுவம். 1977-ல் அமெரிக்காவில் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் வந்த பிறகுதான், பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தால் வேலை செய்யும் கணினி சாமானியர் கண்ணில் பட்டது. ஆனால் விலை? ஆப்பிள் 2-ன் ஆரம்ப விலையே 1,298 டாலர்.

விலையை உடைத்தவர் பிரிட்டனின் கிளைவ் சின்க்ளேர். 1981-ல் வந்த அவரது ஸெட்எக்ஸ்81 கணினியின் விலை 69.95 பவுண்ட்தான். பாகங்களாக வாங்கி நீங்களே சால்டரிங் செய்துகொள்வதாக இருந்தால் 49.95 பவுண்ட். நினைவகம் 1 கேபி. அடுத்த ஆண்டு ஸ்பெக்ட்ரம் வந்தது. அதே 1982-ல் அமெரிக்காவில் கமடோர் 64 விற்பனைக்கு வந்து, உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

இவற்றுக்குத் தனி மானிட்டர் தேவையில்லை. வீட்டு டிவியில் ஒயரைச் செருகினால் போதும். ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது, டேப் ரெக்கார்டர்தான். கேசட்டை ஓட விட்டால் 'கீய்ய்ங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் டேட்டா. ஒரு கேம் ஏற நாலைந்து நிமிடம் ஆகும். பாதியில் டேப் சொதப்பினால், மறுபடி முதலிலிருந்து. சத்தம்தானே என்று நெதர்லாந்து வானொலி நிகழ்ச்சி ஒன்று புரோகிராம்களை ஒலிபரப்பவே செய்தது. கேட்டவர்கள் அதைக் கேசட்டில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைய டவுன்லோடின் தாத்தா!

ஸ்விட்ச் போட்டால் என்ன தெரியும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கமடோர் 64-ஐ ஆன் செய்தால் சில விநாடிகளில் நீலத் திரை. அதில் 'ரெடி' என்று ஒரு சொல், கீழே மினுக்கும் ஒரு கட்டம். ஐகான் இல்லை, ஆப் இல்லை, நோட்டிபிகேஷன் இல்லை. 'நான் தயார், என்ன செய்யணும்னு சொல்லு' என்பதுபோல் காத்திருக்கும்.

சொல்வதற்கான மொழி பேசிக். வரி எண் 10-ல் உங்கள் பெயரை அச்சிடச் சொல்லி, வரி எண் 20-ல் மறுபடி 10-க்குப் போகச் சொன்னால், திரை முழுக்க உங்கள் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டே வரி. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு பெரிய பாடம் இருந்தது: இந்த மெஷின் நான் சொன்னதைத்தான் செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகச் செய்யும். திருத்திச் சொன்னால் திருந்தும்.

அன்றைய கணினி இதழ்களில் கேம்களின் கோடு பக்கம் பக்கமாக அச்சாகும். அதைப் பார்த்து தட்டச்சு செய்வார்கள். ஒரு கமா விட்டுப்போனாலும் ஓடாது. எங்கே பிழை என்று தேடித் தேடியே கோடு படிக்கப் பழகினார்கள். கணினியோடு வந்த கையேடும் புரோகிராம் எழுதத்தான் கற்றுக்கொடுத்தது. கமடோர் 64-க்கான புரோகிராமர் கையேட்டில் மெஷினின் சர்க்யூட் வரைபடமே இருந்தது.

இந்தியாவுக்கு இது வந்ததா?

வந்தது, ஆனால் வீடு வழியாக இல்லை, பள்ளி வழியாக. பிரிட்டனில் பிபிசி மக்களுக்குக் கணினி கற்றுத்தர ஒரு திட்டம் தொடங்கி, அதற்காகவே ஏகார்ன் நிறுவனத்திடம் 'பிபிசி மைக்ரோ' என்ற கணினியைச் செய்ய வைத்திருந்தது. 1984-ல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்துக்கு வந்ததும் அதே பிபிசி மைக்ரோதான். முதலில் சுமார் 250 பள்ளிகள். 1986-ல் இந்திய நிறுவனம் ஒன்று உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் ஸ்பெக்ட்ரத்தையும் இங்கே விற்றது.

மற்றபடி, தமிழ்நாட்டில் பலர் கணினியை முதலில் தொட்டது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போன ஏசி லேபிலோ, தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரிலோதான்.

என் போனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி ரத்த சம்பந்தம்! பிபிசி மைக்ரோவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் சோபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர். அடுத்த கணினிக்கு நல்ல சிப் கிடைக்காததால், 'நாமே செய்துவிடலாம்' என்று இறங்கினார்கள். புதிய சிப் எப்படி இயங்கும் என்று பார்க்க ஒரு மாதிரி வேண்டுமே? அதை பிபிசி மைக்ரோவிலேயே, பேசிக் மொழியிலேயே எழுதிப் பார்த்தார்கள்.

1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது. சோதித்தபோது, அது எடுக்கும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஆனால் சிப் ஓடிக்கொண்டிருந்தது! பிறகு பார்த்தால், மின் இணைப்பே சரியாகக் கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. அவ்வளவு குறைவான மின்சாரம் போதும் என்பது பின்னாளில் பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு வரமாகிவிட்டது.

அந்த சிப்பின் பெயர் 'ஆர்ம்'. 1990-ல் அது தனி நிறுவனமானது. இன்று ஸ்நாப்டிராகன், மீடியாடெக், ஐபோன் சிப் என எந்தப் போனைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது ஆர்ம் குடும்பத்து வாரிசுதான்.

எது கிடைத்தது, எது போனது?

கிடைத்தது மிக அதிகம். கேமரா, மேப், வங்கி, நூலகம் எல்லாம் சட்டைப்பையில். முக்கியமாக, நம் மொழி. ஸ்பெக்ட்ரத்தில் 8-க்கு 8 புள்ளிக் கட்டத்தில் நீங்களே வரைந்து சேர்க்க முடிந்த புது எழுத்துகள் மொத்தம் 21. தமிழின் 12 உயிரும் 18 மெய்யுமே அதில் அடங்காது! இன்று யூனிகோட் இருப்பதால் பாட்டி அனுப்பும் தமிழ் மெசேஜ் எந்தப் போனிலும் ஒழுங்காகத் தெரிகிறது.

அந்தக் காலத்தை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கணினி வைத்திருந்த பிள்ளைகளில் பலர் கேம் ஆடியதோடு சரி. வாங்க முடியாத வீடுகளே அதிகம்.

போனது என்ன? அழைப்பு. அன்றைய கணினி உரிமையாளரை 'வா, உள்ளே வந்து பார்' என்றது. இன்றைய போன் 'அக்செப்ட்' பட்டனை மட்டும் நீட்டுகிறது. எந்த ஆப் வரலாம் என்பதில் பெரும்பாலும் ஸ்டோர் வைத்ததே சட்டம். அப்டேட் எப்போது நிற்கும் என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. பேட்டரியைக்கூட நாமே மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

இழப்பை முதலில் கவனித்தது யார்?

2000-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை சரிந்தது. வந்தவர்களிலும், ஏற்கெனவே புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் குறைந்திருந்தார்கள். வீட்டில் பேசிக் கணினிகளின் இடத்தில் கேம் கன்சோலும் பிசியும். பள்ளியில் வேர்டும் எக்ஸெலும். பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தக் கற்றார்கள், அதற்குக் கட்டளையிடக் கற்கவில்லை.

இதைக் கவனித்த எபன் அப்டனும் நண்பர்களும் செய்ததுதான் ராஸ்பெர்ரி பை. கிரெடிட் கார்டு அளவு, 35 டாலர் விலை, டிவியில் செருகினால் கணினி. 2012 பிப்ரவரி 29-ல் வந்தபோது, முதல் நாளிலேயே விற்பனையாளர்களின் இணையதளங்கள் திணறின. அதன் மாடல்களுக்கு 'ஏ', 'பி' என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். உள்ளே இருப்பது? அதே ஆர்ம் சிப்.

பழுது பார்க்கும் உரிமையும் மெல்லத் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியது.

ஏஐ கோடு எழுதும் காலத்தில் இது எதுக்கு?

நியாயமான கேள்வி. ஆனால் ஏஐ எழுதித் தருவது சரியா, தப்பா என்று யார் பார்ப்பது? கமா விட்டுப்போனதைத் தேடிய அந்தப் பழைய பழக்கம்தான் அதற்குக் கைகொடுக்கும்.

ஆரம்பிக்கப் பெரிய செலவில்லை. ஆண்ட்ராய்டு போனிலேயே பைத்தான் எழுத இலவச ஆப்கள் இருக்கின்றன. பிபிசி மைக்ரோவையும் ஸ்பெக்ட்ரத்தையும் அப்படியே நடித்துக்காட்டும் எமுலேட்டர்கள் பிரவுசரிலேயே ஓடுகின்றன. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, அந்த இரண்டு வரிகளை மட்டும் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தன் பெயர் திரை முழுக்க ஓடுவதைப் பார்த்ததும், 'இதை எப்படி நிறுத்துறது?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.