மின்சைக்கிள் மின்னேற்றம்: எந்த பிளக்கில், எங்கே, எவ்வளவு நேரம்?

இரவு 11 மணிக்கு உணவு விநியோக வேலை முடிகிறது. வீடு திரும்பியதும் மின்சைக்கிளை வாசற்கதவு அருகே நிறுத்தி, சார்ஜரைக் கைக்கு எட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டு உறங்கப் போவது பல வீடுகளில் அன்றாட வழக்கம்.

அந்தப் பெட்டியில் ஏற்கெனவே மீன்தொட்டியும் மின்விசிறியும் செருகப்பட்டிருக்கலாம். மறுநாள் காலையில் அதே பெட்டியில் கெட்டிலும் சேரலாம்.

தெம்பனிஸுக்கு இது மிக நெருக்கமான விஷயம். நடைபாதைகளில் சைக்கிளோட்ட 2010ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற முதல் நகர் அது. பிறகு மின்ஸ்கூட்டர்கள் வந்தன. 2019 நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை விதிக்கப்பட்டதும், விநியோக ஊழியர்கள் பலர் மின்சைக்கிளுக்கு மாறினர். மூத்தோர் பலர் மின்சாரத்தில் இயங்கும் நடமாட்ட உதவிச் சாதனங்களை நம்பியுள்ளனர்.

இவை அனைத்தும் இரவில் வந்து சேரும் இடம் வீடுதான்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் ஸ்திரீட் 21ல், மின்ஸ்கூட்டர்கள் எரிந்த ஒரு வீட்டுத் தீயில் ஆடவர் ஒருவர் உயிரிழந்தார். 2021 ஜூனில் உட்லண்ட்ஸில் மின்சைக்கிளுடன் மின்தூக்கியில் இருந்த 20 வயது இளையர் ஒருவர் தீயில் சிக்கி மாண்டார்.

இத்தகைய சாதனங்கள் தொடர்பான தீச்சம்பவங்கள் 2023ல் 55ஆக இருந்தன. 2024ல் அவை 67ஆகக் கூடியதாகக் குடிமைத் தற்காப்புப் படையின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன.

சார்ஜர் இழுக்கும் மின்சாரம் எவ்வளவு?

மின்சைக்கிள் சார்ஜர் நிறைய மின்சாரம் இழுக்கும் என்று பலர் நினைக்கின்றனர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

சிங்கப்பூர் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். சுவரில் உள்ள வழக்கமான பிளக் பாயிண்ட் 13 ஆம்பியர் வரை தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட், அதாவது ஏறக்குறைய 3,000 வாட் கிடைக்கும். ஒரு பாயிண்டில் எத்தனை பொருள்களைச் செருகினாலும் மொத்தம் இந்த அளவைத் தாண்டக்கூடாது.

36 வோல்ட் மின்கலனுக்கான சார்ஜர் பெரும்பாலும் 42 வோல்ட், 2 ஆம்பியர் என்ற அளவில் இருக்கும். அது மின்கலனுக்குத் தருவது 84 வாட். சார்ஜரிலேயே வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், சுவரிலிருந்து இழுப்பது சுமார் 100 வாட். அரை ஆம்பியர்கூட இல்லை.

கெட்டில் 2,200 வாட், சிறிய ரொட்டி அடுப்பு 1,000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒரே நேரத்தில் இயக்கினால் 3,200 வாட், ஏறத்தாழ 14 ஆம்பியர் ஆகிவிடும். பெட்டியில் இன்னும் இரண்டு துளைகள் காலியாக இருக்கலாம். ஆனால் அதன் தாங்குதிறன் தீர்ந்துவிட்டது.

“இத்தனை நாளாக ஃபியூஸ் போகவில்லையே” என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. அளவு சற்றே மிகும்போது 13 ஆம்பியர் ஃபியூஸ் உடனே உருகிவிடாது. அதற்குள் பிளக்கின் கால்களும் கம்பி இணைப்புகளும் சூடேறிக்கொண்டே இருக்கும். பழுப்பேறிய பிளக், இளகிய பிளாஸ்டிக், கருகிய வாடை ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆக, சார்ஜரால் பெட்டிக்கு வரும் சுமை சிறிது. ஆனால் கெட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே சூடேறும் பெட்டியில் அது மணிக்கணக்கில் செருகப்பட்டிருக்கிறது. அதனால்தான் சார்ஜரை நேரடியாகச் சுவரில் உள்ள பாயிண்டில் தனியாகச் செருகுவது நல்லது.

வெளிநாட்டு இரண்டு கால் பிளக்கை வேறு பொருளால் அழுத்தித் திணிப்பதும், ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனை மாட்டுவதும் கூடாது. சார்ஜர், பிளக், அடாப்டர் வாங்கும்போது ‘சேஃப்டி மார்க்’ முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையான ஆபத்து மின்கலனில்

சார்ஜர் இழுப்பது குறைவு என்றால் தீ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் லித்தியம் அயன் மின்கலனிலிருந்து.

கீழே விழுந்து அடிபட்டாலோ, நீர் புகுந்தாலோ, தரமற்ற பாகங்களால் செய்யப்பட்டிருந்தாலோ, பொருந்தாத சார்ஜரால் அளவுக்கு மேல் மின்னேற்றினாலோ மின்கலனின் உள்ளே வெப்பம் கட்டுமீறலாம். ஓர் அறையில் தொடங்கும் வெப்பம் அடுத்த அறைக்குத் தாவி, சில நொடிகளில் தீப்பிழம்பாகிவிடும்.

10 ஆம்பியர்-மணி மின்கலனை 2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற்ற 5 மணி நேரமாவது ஆகும். இரவு 11 மணிக்குச் செருகினால் அதிகாலை 4 மணிக்கு நிரம்பும். வீட்டில் அனைவரும் ஆழ்ந்து உறங்கும் நேரம் அது.

இரவு முழுவதும் மின்னேற்றக் கூடாது என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து வலியுறுத்துவது இதனால்தான்.

வேலை முடித்து வந்ததும் மின்கலனை ஆறவிட்டு, மறுநாள் காலை விழித்திருக்கும் நேரத்தில் மின்னேற்றுவது பாதுகாப்பானது. இரண்டு மின்கலன்கள் வைத்திருப்போர் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றலாம்.

இடமும் முக்கியம். வீவக வீடுகளில் வெளியேற பொதுவாக ஒரே வாசல்தான். கதவருகே மின்னேற்றும்போது தீப்பிடித்தால், தப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும். மெத்தை, திரைச்சீலை, செய்தித்தாள் போன்றவை அருகில் இல்லாத கடினமான, சமமான தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே பொது நடைபாதைக்குக் கம்பியை இழுத்து மின்னேற்றுவதும் தீர்வாகாது. அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும்.

பயன்பாட்டைக் கண்காணிப்பது எப்படி?

முதல் வழி, பொருளின் அடியில் உள்ள விவரப் பட்டையைப் படிப்பது. அதில் வாட் குறிப்பிடப்பட்டிருக்கும். சார்ஜர்களில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிளக்குக்கும் பாயிண்டுக்கும் இடையே பொருத்தும் மின் அளவி. எந்தப் பொருள் எத்தனை வாட் இழுக்கிறது, மொத்தம் எத்தனை யூனிட் செலவானது என்பதை அது காட்டும்.

மூன்றாவது, எஸ்பி குழுமத்தின் செயலி. நவீன மின்மானி பொருத்தப்பட்ட வீடுகளில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவாகும் பயன்பாட்டை அதில் காணலாம்.

360 வாட்-மணி மின்கலன் ஒன்றை நிரப்பச் சுமார் 0.4 யூனிட் போதும். ஒரு யூனிட் 30 காசு என்று கொண்டால் செலவு 12 காசு. காசை மிச்சப்படுத்துவதைவிட, மாற்றத்தைக் கவனிக்கவே இந்தக் கண்காணிப்பு உதவும். வழக்கமாக 5 மணி நேரத்தில் நிரம்பும் மின்கலன் திடீரென்று 8 மணி நேரம் எடுத்தாலோ, உப்பியிருந்தாலோ, தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மாற்று மின்கலன் சில மாதச் செலவை மிச்சப்படுத்தலாம். விநியோக வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை சிறிதல்ல. ஆனால் பணயம் வைக்கப்படுவது வீடும் உயிரும்.

மின்ஸ்கூட்டருக்கு ‘யுஎல் 2272’ தீப்பாதுகாப்புத் தரச் சான்றும், மின்சைக்கிளுக்கு ‘இஎன் 15194’ தரநிலையும் கட்டாயம். சான்று பெற்ற சாதனத்தில் வேறு மின்கலனை மாற்றிப் பொருத்தினால், அந்தச் சான்றுக்குப் பொருளில்லை.

மின்பெட்டியையும் பார்க்க வேண்டும்

1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட தெம்பனிஸ் புளோக்குகளில் வசிப்போர் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. 1985 ஜூலைக்கு முந்திய வீடுகள் சிலவற்றில் ‘ஆர்சிசிபி’ எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்திருந்தது.

அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள். இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

ஆனால் துண்டிப்பான் மின்கசிவால் ஏற்படும் அதிர்ச்சியிலிருந்துதான் காக்கும். மின்கலனுக்குள் தொடங்கும் தீயை அது தடுக்காது.

மின்கலனிலிருந்து புகையோ சீறும் ஒலியோ வந்தால் அதைத் தூக்கிச் செல்ல முயலக்கூடாது. வீட்டிலுள்ள அனைவரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.