வீட்டு போர்ட்டிகோவில் கார் லிஃப்ட்: வாங்கும் முன் தரையைப் பாருங்க!

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி உள்ளே போகும் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் ஒரே காட்சிதான். கேட் திறந்திருக்கும். போர்ட்டிகோவில் கார், பக்கத்தில் பக்கெட், கையில் ஈரத்துணியோடு வீட்டுக்காரர். பானெட்டும் கண்ணாடியும் பளபளக்கும். ஆனால் காருக்கு அடியில் என்ன நடக்குது என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள தரையில் குப்புறப் படுத்து மொபைல் டார்ச் அடிக்க வேண்டும்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் காரின் அடிப்பாகம்தான் முதலில் வீணாகும். உப்புக் காற்று சைலன்சர், பிரேக் பைப், அடித்தகட்டின் வெல்டிங் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். போதாததற்கு மழை வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்கு, வண்டிக்கு அடியிலும் கொஞ்சம் பார்க்கணும் என்ற எண்ணம் வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபைலில் அந்த வீடியோ வரும். ஒருவர் காருக்கு அடியில் இரண்டு இரும்புச் சட்டங்களைத் தள்ளுகிறார், பட்டனை அழுத்துகிறார், முழு காரும் அரை நிமிடத்தில் இடுப்பு உயரத்துக்குக் கிட்டே வந்து நிற்கிறது. 'நம்ம வீட்லயும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?'

போடலாம். ஆனால் வீடியோவில் இருப்பது அமெரிக்க வீட்டு கராஜ். அங்கே காருக்குக் கீழே கெட்டியான கான்கிரீட். நம்ம ஊர் போர்ட்டிகோவில் காருக்குக் கீழே பல வீடுகளில் இருப்பது தண்ணீர் சம்ப். இல்லையென்றால் செப்டிக் டேங்க்.

முதலில், இந்த லிஃப்ட் என்பது என்ன?

சர்வீஸ் சென்டரில் காரைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் இரண்டு தூண் லிஃப்ட்டைப் பார்த்திருப்பீங்க. அதை வீட்டில் வைக்க முடியாது. வீட்டுக்கென்று வருபவை முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, சட்ட வகை. 'குவிக்ஜாக்' என்ற அமெரிக்க பிராண்டு இதில் பிரபலம். காரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டம், தனியே ஒரு மோட்டார் பம்ப், நடுவே ஹைட்ராலிக் குழாய்கள். மடங்கியிருக்கும்போது சட்டத்தின் உயரம் சுமார் 76 மில்லிமீட்டர்தான். அதனால் 163 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள ஸ்விஃப்ட்டுக்கு அடியிலும் சுலபமாக நுழையும். தூக்கினால் சுமார் அரை மீட்டர். இதன் 5000 மாடல் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ வரை தாங்கும். ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ, இன்னோவா கிரிஸ்டா கூட 1,800 கிலோவை ஒட்டித்தான். ஆக, எடை நம்ம பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, நகர்த்தக்கூடிய தூண் வகை. 'மேக்ஸ்ஜாக்' இதற்கு உதாரணம். வேலை முடிந்ததும் தூண்களைக் கழற்றி ஓரமாக வைக்கலாம். ஆனால் வேலை செய்யும்போது தூண்கள் தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு நான்கேகால் அங்குல கனமுள்ள, நல்ல தரமான கான்கிரீட் தளம் வேண்டும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். மண் நிரப்பி, மேலே கொஞ்சம் கான்கிரீட் போட்டு, பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிய போர்ட்டிகோவில் இதை மறந்துடுங்க.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடைத்து வைத்த திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது (புதுச்சேரிக்காரர்கள் இதற்காகவாவது கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்). ஒரு சதுர சென்டிமீட்டர் பிஸ்டனை 10 கிலோ விசையில் அழுத்தினால், மறுமுனையில் 20 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 200 கிலோவைத் தூக்கும். நம்ம டிக்கியில் இருக்கும் ஜாக்கி திருகில் வேலை செய்வது. மெக்கானிக் ஷெட்டில் உருட்டி வரும் டிராலி ஜாக்கி இந்த பாஸ்கல் வகை.

தரைதான் விஷயமே

ஒரு சின்னக் கணக்கு. 900 கிலோ கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஒரு சக்கரத்துக்கு சராசரியாக 225 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தரைக்குப் போகும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்: சதுர சென்டிமீட்டருக்கு இரண்டேகால் கிலோ. அதாவது உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில்தான் ஒவ்வொரு டயரும் நிற்கிறது.

அதே காரைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டு வைத்து நிறுத்துறீங்க. ஸ்டாண்டின் நான்கு கால் ஓரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே 225 கிலோ இப்போது சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. ஐந்து மடங்கு. கீழே சரியாகக் கலவை நிரம்பாத, தட்டினால் 'டொக் டொக்' என்று ஒலிக்கும் டைல் இருந்தால் அங்கேதான் உடையும். வெயிலில் சூடான தார் ரோட்டில் ஸ்டாண்டு கால் அமிழ்வதும் இதனால்தான்.

இதற்கு மருந்து சுலபம். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் 18 மில்லிமீட்டர் கனத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி பிளைவுட் துண்டு. எடை பரவிவிடும். சட்ட வகை லிஃப்ட்டில் அடிச்சட்டம் நீளமாக இருப்பதால் இந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் அங்கே காரின் பாதி எடை ஒரே சட்டத்தின் மேல் நிற்கும். அந்தச் சட்டம் சம்ப் மூடியின் மேலேயே வந்து உட்கார்ந்தால்?

சம்ப்புக்கு மேல் இருக்கும் தளம், கார் நிற்கும் என்று முன்பே சொல்லிக் கம்பி கட்டியதா, இல்லை பைக் நிற்கும் என்று நினைத்துப் போட்டதா? வீடு கட்டிய காலத்தில் தெருவிலேயே கார் இல்லாமல் இருந்திருக்கலாம். கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் போய்க் கம்பி துருப்பிடித்தால், அது பருத்து அடிப்பக்கக் காரையைத் தள்ளிவிடும். மேலே டைல் புத்தம் புதிதாக இருக்கும், கீழே கம்பி வெளியே தெரியும். சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது மூடியைத் திறந்து, வெளியே நின்றபடியே டார்ச் அடித்துத் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயர்ந்திருந்தால், விரிசல் ஓடியிருந்தால் அங்கே லிஃப்ட் பேச்சே வேண்டாம். செப்டிக் டேங்க் என்றால் இந்தச் சோதனையும் வேண்டாம். அதன் விஷவாயு எத்தனை உயிர்களை எடுத்திருக்கிறது என்பது செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். டேங்க் மேல் தூக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது சாய்வு. மழைத்தண்ணீர் கேட் பக்கம் ஓட வேண்டும் என்று மேஸ்திரி வேண்டுமென்றே சாய்வு கொடுத்திருப்பார். தெருவை உயர்த்த உயர்த்த, நாம் போர்ட்டிகோவை உயர்த்தி, முன்னால் ஒரு சறுக்கலும் கட்டியிருப்போம். கார் சக்கரத்தில் நிற்கும்போது தெரியாத சாய்வு, நான்கு சக்கரமும் தரையை விட்டபிறகு தெரியும். மேஸ்திரியிடம் ஒரு நாளைக்கு ரசமட்டம் கடன் வாங்கி வைத்துப் பாருங்கள். அதுவும் இல்லையா, ஒரு கோலிக்குண்டு போதும். அது விடாமல் உருண்டு ஓடினால் அந்த இடத்தில் காரைத் தூக்க வேண்டாம்.

இடம் போதுமா?

ஒன்பது அடி அகலப் போர்ட்டிகோ என்றால் 2,743 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டின் அகலம் 1,735. நடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு அரை மீட்டர் மிச்சம். சட்டத்தைத் தள்ளி உள்ளே விடலாம், ஸ்பேனரைப் பிடித்து முழங்கையை ஆட்ட முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய முத்தியால்பேட்டை வீடுகளில் காரை ஒரு பக்கம் ஒதுக்கி நிறுத்தி, ஒரு பக்கமாக வேலை பார்ப்பதுதான் நடைமுறை.

பலரும் கவனிக்காத ஒன்று: சட்ட வகை லிஃப்ட் நேராக மேலே போகாது. சாய்ந்தபடி எழும், காரும் கூடவே முன்னாலோ பின்னாலோ நகரும். முன்பக்க பம்பருக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி என்றால் பம்பர் சுவரை முத்தமிடும். பின்னால் கேட் மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கும்போது

டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள் என்று காரோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். யாரும் படிப்பதில்லை என்பது வேறு.

எங்கே தூக்குவது? கதவுகளுக்குக் கீழே ஓடும் ஓரத்தில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் சின்ன வெட்டுக்குறி இருக்கும். லிஃப்ட்டோடு வரும் ரப்பர் கட்டைகள் சரியாக அங்கே உட்கார வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே டேப் பிடித்து அளந்து, அந்த அளவு லிஃப்ட் சட்டத்தின் நீளத்துக்குள் வருகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். ஆல்டோவுக்குப் பொருந்தும் சட்டம் கிரெட்டாவுக்குப் போதாமல் போகலாம். எலெக்ட்ரிக் கார் என்றால் கூடுதல் கவனம்: அடிப்பாகம் முழுக்க பேட்டரிப் பெட்டி. ரப்பர் கட்டை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாலும் காரின் மொத்த எடையும் பேட்டரி மேல்தான்.

முதலில் சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பும்வரை மட்டும் தூக்குங்கள். நிறுத்துங்கள். பக்கவாட்டில் நின்று காரைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால், முனகினால், ஒரு பக்கம் மட்டும் முந்தினால் இறக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். புது லிஃப்ட்டில் ஒரு பக்கம் முந்துவதற்குப் பெரும்பாலும் குழாயில் சிக்கிய காற்றுதான் காரணம். பிரேக்குக்குக் காற்று எடுப்பதுபோல் இதற்கும் எடுக்க வேண்டும்.

பிறகுதான் முக்கியமான இடம். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஒரு ரப்பர் சீல் கசிந்தால் போச்சு. அதனால்தான் இந்த லிஃப்ட்களில் இரும்பு லாக் இருக்கிறது. கார் உயரத்துக்கு வந்ததும் மெதுவாக இறக்கி, எடை முழுவதும் லாக்கின் மேல் உட்கார விட வேண்டும். இரண்டு பக்கமும் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டது, விழுந்திருக்கும் என்று நினைப்பதெல்லாம் வேண்டாம்.

லாக்கையும் முழுசாக நம்பலாமா? அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கடை 2020-இல் தன் ஜாக்கி ஸ்டாண்டுகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. பல்லில் கொக்கி சரியாக மாட்டாமல் ஸ்டாண்டு சட்டென்று இறங்கிவிடும் ஆபத்து. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றுக்கு வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டு மறுபடி ஒரு அறிவிப்பு.

நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதற்கு ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்து வைப்பதில்லை, காருக்கு அடியில் படுக்கப் போடுகிறார்கள். எது கைவிட்டாலும் கார் சக்கரத்தின் மேல் விழும், ஆள் நசுங்காத அளவு இடைவெளி மிஞ்சும். செலவு பைசா இல்லை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் மட்டும் முட்டுக் கொடுக்கக் கூடாது. அவை கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்காது, ஒரேயடியாகப் பிளக்கும்.

கரண்டும் எண்ணெயும்

மோட்டார் பம்ப் 230 வோல்ட்டுக்கா என்று பாருங்கள். அமெரிக்காவில் விற்பது 110 வோல்ட். கார் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப்பும் கிடைக்கிறது, ஈரமான போர்ட்டிகோவுக்கு அதுதான் நல்லது. வீட்டு லைனில் போடுவதென்றால் எர்த் சரியாக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்.

ஆயில் மாற்றினால் பழைய ஆயிலை வாசல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீர். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

அப்போ, வாங்கலாமா?

அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலருக்கு மேல். அதற்குமேல் கப்பல் செலவு, சுங்க வரி. ஒவ்வொரு சட்டமும் 30 கிலோவுக்கு மேல் என்பதால் மாடியில் வைத்து எடுப்பது நடக்காது. வருஷத்துக்கு இரண்டு முறை அடிப்பாகம் பார்க்க இது வேண்டியதில்லை. நல்ல டிராலி ஜாக்கி ஒன்று, கார் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டு ஒரு ஜோடி, பிளைவுட் துண்டுகள், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீட்டில் ஒருவர். இது போதும். இரண்டு மூன்று கார் வைத்திருப்பவர், பழைய வண்டி ஒன்றைப் பிரித்துக் கோக்கும் ஆசை உள்ளவர், நல்ல தரையும் இருக்கிறவர் என்றால் லிஃப்ட் வாங்கலாம்.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் சம்ப் மூடி சரியாக டிரைவர் சீட்டுக்குக் கீழே வருகிறது. திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் காரை பெயர்ந்து இரண்டு கம்பி வெளியே தெரிந்தது. லிஃப்ட் இன்னும் மொபைலில் கார்ட்டில்தான் கிடக்கிறது. இந்த வாரம் வரப்போவது மேஸ்திரி.