ஒன்று இரண்டாகத் தெரிந்தால்

வீட்டில் உம்மம்மாவோ வாப்பாவோ திடீரென "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றால், கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றே பலரும் நினைப்பர். ஆனால் கோளாறு கண்ணில் அல்லாமல், மண்டையோட்டின் அடித்தளத்திலும் இருக்கலாம்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. 12 சோடி மண்டையோட்டு நரம்புகளுள் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகள் அத்தசைகளை இயக்குகின்றன. மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இவை, எலும்புகளுக்கும் குருதிக்கலன்களுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியாகவே கண்குழியை அடைகின்றன. அவ்வழியில் கட்டியோ வீக்கமோ காயமோ ஏற்பட்டால் நரம்பு பாதிக்கப்படும். இரு கண்களும் ஒருமித்து அசையமாட்டா.

ஆறாம் நரம்பு பழுதுற்றால் கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாது. நான்காவது பழுதுற்றால் படியிறங்குவதும் வாசிப்பதும் சிரமமாகும். மூன்றாவது பழுதுற்றால் இமை தொங்கும். கண் வெளிப்புறமும் கீழ்ப்புறமும் விலகி நிற்கும். கண்மணியும் விரிந்திருந்தால், மூளையின் நாடியொன்று புடைத்து நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

சீனி வருத்தமும் இந்நரம்புகளைப் பாதிப்பதுண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் குணமாகும். ஆயினும் காரணம் எதுவென்று நாமாக முடிவுசெய்யக் கூடாது.

எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைத் தோற்றம் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால், இரு கண்களும் ஒரே திசையில் நோக்கவில்லை என்பது பொருள். சொட்டு மருந்து இட்டுக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கடும் தலைவலியோடு இமையும் தொங்கினால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.